பின்னோக்கி நடக்கும் காலியிடம்

அண்ணி சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒருவரும் அதைச் சாலை என்று சொன்னதில்லை. வெள்ளைத் தாளில் எண்ணிலடங்காத கறுப்புப் புள்ளிகள். மேலிருந்து கீழாக, வலப்பக்கம் சரிந்து இறங்கும் மெல்லிய கோடுகள். அவற்றின் ஊடே எதிர்த்திசையில் சாய்ந்து போகும் தடித்த கரும்பட்டைகள். பூ கொடுக்க வரும் அம்மாள் அதைப் புடவைக் கரை மாதிரி இருக்கிறது என்றார். எதிர்வீட்டு அக்கா, புயல்மழையைப் போட்டோ எடுத்ததா என்று கேட்டார். அண்ணனோ, "மெட்ராஸ்ல கீற எறும்பெல்லாம் நம்ம வூட்டு செவுத்துலதான் குடி கீது" என்பார். காலையில் ஜன்னல் கம்பி வழியாக வெயில் அதன்மேல் விழும்போது நான் தலை வாரிக்கொண்டே கண்களைப் பாதி மூடிப் பார்ப்பேன். புள்ளிகள் நகரத் தொடங்கும். மெல்லிய கோடுகள் முன்னால் ஓட, கரும்பட்டைகள் பின்னால் நடக்கும். ஒரே தாளுக்குள் இரண்டு காற்று வீசுவதுபோல இருக்கும். அந்தப் படம் இன்றும் அதே சுவரில் இருக்கிறது. தாள் பழுப்பேறிவிட்டது. நான்தான் கழற்றவில்லை.

வடசென்னை எம்.கே.பி. நகரில் ஓர் அடுக்குக் குடியிருப்பின் முதல் மாடியில் அப்போது நாங்கள் மூவரும் இருந்தோம். அண்ணன் எண்ணூரிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டினார். நான் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில், வரும் கம்பிக்கும் போகும் கம்பிக்கும் எடைச்சீட்டு சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். இப்போதும் அதே நாற்காலிதான். எதுவும் அதனதன் நேரத்தில், அதனதன் இடத்தில் நடக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. அண்ணி தண்டையார்பேட்டைப் பெண். பட்டப்படிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தவரை மேலே படிக்க அனுப்பியவர் அண்ணன். "நானும் குந்திகினுதான் வேல பாக்குறேன், நீயும் குந்திகினுதான் பாக்கப் போற. நான் குந்துனா ஊரே திட்டுது. நீ குந்துனா கும்புடுவாங்கோ, போய்ப் படி" என்றார். அண்ணி ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியாரானார். அங்கே பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்தார். அண்ணனுக்கு அவர் பட்டம் வருவதற்கு முன்பே டாக்டரம்மா.

என்ன ஆராய்ச்சி என்று வெளியார் கேட்டால் அண்ணி கணிதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். எங்களுக்கு மட்டும் விரித்துச் சொல்வார். நீளமாக ஒரு வரிசைக் கட்டங்கள். சிலவற்றில் ஒரு புள்ளி, சில காலி. முன்னால் உள்ள கட்டம் காலியாக இருந்தால் புள்ளி அதற்குள் போகலாம். இல்லாவிட்டால் நிற்க வேண்டும். முந்தக் கூடாது, ஒரு கட்டத்தில் இரண்டு பேர் இருக்கக் கூடாது. இதோடு இன்னும் ஒன்று: இடம் இருந்தும் எப்போதாவது ஒரு புள்ளி நகராமல் தயங்கும். எது தயங்கும், எப்போது தயங்கும் என்பதைக் கணினி பகடை உருட்டி முடிவு செய்யும். ஒவ்வொரு நொடியின் வரிசையையும் முந்தையதன் கீழே அச்சிட்டதுதான் சுவரில் இருந்த படம்; புள்ளிகள் நின்று நெருங்கிய இடங்கள்தான் கரும்பட்டைகள். புள்ளிகள் குறைவாக இருக்கும்வரை அந்தத் தயக்கம் சுவடு தெரியாமல் கரைந்துபோகும். கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் அதே தயக்கம் கரையாது. பின்னால் வருவது நிற்கும், அதற்கும் பின்னால் வருவது நிற்கும், ஒன்றுமில்லாத இடத்தில் நெரிசல் பிறந்துவிடும். தண்ணீர் ஐஸ் ஆவது மாதிரி என்பார். காசிமேட்டில் மீன்பெட்டிக்கு ஐஸ் பார் உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவர். "எந்தத் துளி மொதல்ல ஒறஞ்சுதுன்னு யாராச்சும் கேப்பாங்களா? குளிர் வந்துச்சு, எல்லாம் ஒறஞ்சுது. அவ்ளோதான்."

அவருக்கு மிகவும் பிடித்த சோதனைச்சாலை எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய மாடி நடைதான். கீழே தெருவில் தண்ணீர் லாரி வரும் நாட்களில் விடிந்ததும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றுவிடும். பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு. ஆட்கள் நிற்க மாட்டார்கள், ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் குடத்தைத் தொடக் கூடாது. தாண்டியும் போகக் கூடாது. முன்னால் இடம் விழுந்தால் அவரவர் குடத்தை அவரவர் காலால் ஒரு தள்ளு தள்ளிக்கொள்ளலாம். முதல் குடம் நிரம்பிப் போனதும் அங்கே ஒரு காலியிடம் விழும். இரண்டாவது குடம் முன்னால் நகர, காலியிடம் அதன் பின்னால் போகும். மூன்றாவது நகர, இன்னும் பின்னால். மாடியிலிருந்து பார்த்தால் குடங்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. காலியிடம் மட்டும் நிதானமாகத் தெருக்கோடிவரை பின்னோக்கி நடந்துபோய், மாவு மில்லுக்குப் பக்கத்தில் மறைவது தெரியும். அண்ணி பல் விளக்குவதைக்கூட மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சில நாள் காலியிடம் பாதி வழியில் நின்றுவிடும். உடனே கீழே சத்தம் கிளம்பும்.

"யேய், யாருதுமா அந்த மஞ்ச கொடம்? ஆளே இல்லாத கொடத்துக்கு வரிச ஒரு கேடா?"

"சோறு வடிச்சினு வரேன்டி. அதுக்குள்ள ஒனக்கு தொண்ட வறண்டு பூடுச்சா?"

"நீ வடிச்சினு வா, தின்னுட்டு வா, ஒரு தூக்கம் போட்டுட்டு வா. லாரி ஒன் மாமியா வூட்டு லாரி, நிக்கும்."

மஞ்சள் குடத்துக்காரி ஓடிவந்து குடத்தைத் தள்ளிய பிறகும், வெகுதூரம் பின்னால் உள்ள குடங்கள் நின்றுகொண்டுதான் இருக்கும். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எதனால் நிற்கிறது என்பது தெரியாது. நிறுத்தியவள் நீரெடுத்து வீட்டுக்கே போயிருப்பாள். அவள் விட்டுப்போன தேக்கம் மட்டும் குடத்துக்குக் குடம் கைமாறிப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். "நெரிசல்ங்கறது ஒரு பொருளில்ல, ஒரு அல" என்பார் அண்ணி. "உள்ள கீற ஆளுங்க மாறிகினே இருப்பாங்க. அது மட்டும் அப்டியே இருக்கும்." வந்து சேரும் வேகமும் நிரம்பிப் போகும் வேகமும் ஒன்றாக இருக்கும் அபூர்வமான காலைகளும் உண்டு. நெருக்கமாக நிற்கும் குடங்களுக்கும் விலகி நிற்கும் குடங்களுக்கும் நடுவே உள்ள எல்லை அப்போது ஓரிடத்தில் நிற்காது. மாவு மில் வரை போகும், டீக்கடை வரை வரும். யாரும் தள்ளாமல், எங்கே போகிறோம் என்று தெரியாமல் அலையும். அதைச் சொல்லும்போது அண்ணியின் குரல் தாழ்ந்துவிடும், தூங்கும் குழந்தையைக் காட்டுவதுபோல. இப்போது எங்கள் குடியிருப்புக்குக் குழாய் வந்துவிட்டது. தெரு காலையில் வெறுமனே கிடக்கிறது.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எண்ணூரிலிருந்து வரும் கடலோரச் சாலையில், கருங்கல் கொட்டிய கரையை ஒட்டி ஒரு வளைவு வரும். அங்கே வந்ததும் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும்பிவிடும். இடப்பக்க ஜன்னல் முழுக்கக் கடல். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் பார்த்துவிட்டு மறுபடி அழுத்துவார். "அத்தப் பாக்காம பூட்டா அன்னிக்கு சோறு எறங்காது" என்பார். சாலைத் தூசியிலும் அனல்மின் நிலையச் சாம்பலிலும் பகல் முழுக்க ஊர்ந்து, துறைமுக வாசலில் காத்துக் கிடக்கும் மனிதனுக்கு அதுதான் ஆகாரம். அண்ணி கேலி செய்வார்: "யோவ், என் கம்ப்யூட்டர்ல தயங்குற புள்ளி நீதான்யா."

அந்தச் சம்பவம் ஒரு மாசி மாதக் காலையில் நடந்தது. வழக்கம்போல அண்ணன் வளைவில் வேகம் குறைத்துக் கடலைப் பார்த்தார். பின்னால் வந்த டிரெய்லர்க்காரர் பிரேக் போட்டார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். அன்று வண்டிகள் நெருக்கம். முன்னாலும் ஏதோ அடைத்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் அண்ணனே நிற்க வேண்டியதாயிற்று. பிறகு எதுவும் நகரவில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கல்லும் கடலும். அதன் நடுவே பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அது நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. டிரைவர்கள் இறங்கி ஓடினார்கள். உள்ளே நெஞ்சுவலியோடு ஒரு மீன்காரம்மாள், நெட்டுக்குப்பத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். ஸ்ட்ரெச்சரை வெளியே எடுத்து, வண்டிகளுக்கு நடுவே தோளில் சுமந்து நடந்தார்கள். முன்பக்கம் வலக்கைப்பிடி அண்ணனிடம். சாலை விலகி, வேறு வண்டி கிடைக்கும் இடத்துக்கு வந்து இறக்கியபோது அந்த அம்மாள் உயிரோடு இல்லை. திரும்பி நடக்கையில்தான் பின்வண்டிக்காரர் அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

"பேமானி, ஒன்னாலதான்டா! பீச்சுக்கா வந்த? கடலப் பாத்துகினு ஊர்ந்தியே, நான் பாக்கலன்னு நெனச்சியா?"

அன்று வீட்டுக்கு வந்த அண்ணன் மறுநாள் வண்டி எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. வாரங்கள் போயின. கம்பெனியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். சாப்பிடுவார், குளிப்பார், நடையில் நாற்காலி போட்டு உட்காருவார். வலது தோளை மட்டும் அடிக்கடி தடவிக்கொள்வார். அண்ணி ஒருநாள் காசிமேட்டுக்குப் போகலாம் என்று அழைத்தபோது, "கடல் வேணாம்" என்றார். ராயபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போதுகூடக் கடல் தெரியும் பக்கத்தில் உட்கார மாட்டார். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் கடலப் பாக்காம போயிருந்தா அந்தம்மா பொழச்சிருக்குமா?"

"இல்லண்ணா" என்றேன் நான் உடனே.

"ஒனக்கு இன்னா தெரியும் மணிக்கூண்டு? அவளச் சொல்லச் சொல்லு. அவ படிச்சதே அதான்."

வேறு எந்த மனைவியாக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார். அண்ணி சொல்லவில்லை. உள்ளே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க அதுதான் வேலை. ஆறுதல் கேட்டவருக்கு விடை தேடப் போனார். உலகத்தில் அவர் ஒருவர்தான் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியும் என்று எனக்கு அப்போது கோபம். இப்போது அது கோபமாக இல்லை. அண்ணன் அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டார் என்பதை அண்ணி மட்டும்தான் புரிந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். திரையில் ஒரு சாலை, புள்ளிகள், கரும்பட்டை. அதே சாலையை, அதே பகடை விழுந்தபடியே, மறுபடி ஓட்டினார். மற்ற எல்லாத் தயக்கமும் அப்படியே இருக்க, ஒரே ஒரு புள்ளியின் ஒரே ஒரு தயக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார். வண்டிகள் குறைவாக இருந்தபோது இரண்டு படத்துக்கும் வித்தியாசமே இல்லை. அதிகமாக இருந்தபோதும் பெரிய வித்தியாசமில்லை. அந்தப் பட்டை போய், சற்றுத் தள்ளி வேறொருவரின் தயக்கத்திலிருந்து இன்னொரு பட்டை முளைத்தது. ஆனால் குறைவுக்கும் அதிகத்துக்கும் இடையே ஒரு மெல்லிய விளிம்பு இருந்தது. அங்கே சில தடவை, அந்த ஒன்றை எடுத்ததும், தாள் முழுக்க ஓடிய கரும்பட்டை சுத்தமாகக் காணாமல் போயிற்று. அதையும் அண்ணி மறைக்காமல் காட்டினார்.

அண்ணன் நீண்ட நேரம் பார்த்தார். "அன்னிக்கு ரோடு இதுல எந்தப் பக்கம் இருந்துச்சு? கம்மியா, ஜாஸ்தியா, நடுவுலயா?"

"தெரியாதுயா. எத்தினி வண்டி, எது எங்க இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"பொய்யாச்சும் சொல்லலாம்ல?"

"சொன்னா நம்புவியா?"

அண்ணன் விரலை நீட்டித் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டார். "இது ஏன் நின்னுச்சு?"

"காரணம் ஒன்னும் இல்ல. பகட."

"எனக்கு காரணம் இருந்துச்சு டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து நடைக்குப் போனார்.

அண்ணி திரையை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு பல நாள், சுவரில் இருந்த படத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் சற்று நின்று பார்ப்பதைக் கவனித்தேன். முன்பெல்லாம் பட்டைகளைத்தான் பார்ப்பார். இப்போது கிட்டே போய், ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்தார்.

நெட்டுக்குப்பத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டது அண்ணன். அண்ணி மறுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம். சந்து முழுக்க வலை காய்ந்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வெள்ளை வெயிலில் கரைந்து, இருக்கின்றனவா இல்லையா என்பதுபோலத் தெரிந்தன. இறந்த அம்மாளின் கணவர் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். வயதானவர், கடலுக்குப் போவதை விட்டவர். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வளைவு, கடல், பிரேக், தோள். ஒன்றையும் விடவில்லை. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

பெரியவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். "குந்து நைனா" என்றார். "மாருல வலிக்குதுன்னு விடிகாலையே சொல்லிச்சு. டீ குடிச்சா அடங்கும்னு நான்தான் சொன்னேன். டீ போட்டு, ஆத்தி, குடிச்சு..." மீதியைக் கையால் காட்டினார்.

உள்ளேயிருந்து மகள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆம்புலன்ஸு வந்து முக்குல நின்னுச்சு. வலைய எட்த்தாதான உள்ள வரும்? ஆளாளுக்கு சுருட்டுனோம். அப்பாலயும் அம்மா கெளம்பல. இந்தக் கந்தலோட பெரியாஸ்பத்திரிக்கு வரமாட்டேன், நல்ல பொடவ எட்றின்னுச்சு. நான்தான் கட்டி வுட்டேன். கொசுவம் வெக்கல, நல்லா வெய்யின்னு திட்டுச்சு. அந்த வலியிலயும் திட்டுச்சு." சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி அவள் கையைப் பிடித்து, "என்ன கலரு?" என்று கேட்டார்.

"கத்திரிப்பூ கலரு. கெட்டிக் கர வெச்சது."

அண்ணன் தலையசைத்தார். அந்தப் புடவையை அவர் பார்த்திருக்கிறார். முகத்துவாரத்தில் ஒரு படகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்துகொண்டிருந்தது.

பெரியவர்தான் கேட்டார். "கடலப் பாத்தேன்னியே, எப்டி இருந்துச்சு அன்னிக்கு? நான் அன்னிக்குப் பாக்கவேல்ல."

எங்கள் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை. அண்ணன் திகைத்துப் போனார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அலையே இல்ல, நைனா. எண்ண ஊத்துன மாதிரி. வானம் எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரில. ஒரே ஒரு போட்டு. அது தண்ணியில கீதா, ஆகாசத்துல கீதான்னு பாத்துகினே..."

"வாடக் காத்து நின்னுபோன நாளு" என்றார் பெரியவர். "அப்டித்தான் இருக்கும். வருசத்துக்கு ஒருநாள் ரெண்டுநாள்தான். யாரா இருந்தாலும் பாப்பாங்கோ." ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். "வேலைக்குப் போ. வூட்ல குந்திகினு இன்னா பண்ணுவ?"

திரும்பும்போது ஷேர் ஆட்டோ கிடைத்தது. அதே கடலோரச் சாலை. அண்ணன் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். சாலையில் வண்டிகள் நெருக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தன. வளைவு நெருங்க நெருங்க அண்ணன் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரருக்குக் கடலைப் பற்றிய எண்ணமே இல்லை, முன்வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டினார். கருங்கல் கரை தெரிந்ததும் அண்ணி முன்னால் குனிந்து ஆட்டோக்காரரின் தோளைத் தொட்டார்.

"அண்ணா, இங்க கொஞ்சம் மெதுவா போங்க."

"இன்னாத்துக்குமா? எறங்கணுமா?"

"எறங்க வேணாம். சும்மா."

ஆட்டோ வேகம் குறைந்தது. பின்னால் வந்த டிரெய்லர் நீளமாக ஹாரன் அடித்தது. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சற்றே பின்னால் சாய்ந்து இடம்விட, அண்ணன் தலையை உயர்த்தி, அவரைத் தாண்டி, கடலைப் பார்த்தார்.